மருத்துவமனைக் கிருமிகளை என்சைம் ஒழிக்குமா? எண்டோஸ்கோப் நுனியில் ஒளிந்திருந்த ஆபத்து

2015 பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள யு.சி.எல்.ஏ ரொனால்ட் ரீகன் மருத்துவமனையிலிருந்து 179 பேருக்கு எச்சரிக்கை போனது. 2014 அக்டோபர் முதல் 2015 ஜனவரி வரை அங்கே எண்டோஸ்கோபி சிகிச்சைக்கு வந்தவர்கள் அவர்கள். சிகிச்சைக்குப் பயன்படுத்திய கருவி வழியாக ஆபத்தான பாக்டீரியா தொற்றியிருக்கலாம், வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் செய்தி.

அப்போதே 7 பேருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. இருவர் இறந்திருந்தார்கள். அந்த மரணங்களுக்கு இந்தத் தொற்றும் ஒரு காரணம் என்று மருத்துவமனை சொன்னது.

இத்தனைக்கும் அந்தக் கருவிகளை யாரும் கழுவாமல் விட்டுவிடவில்லை. தயாரிப்பாளர் சொன்ன முறைப்படியே சுத்தம் செய்து, கிருமி நீக்கம் செய்துதான் பயன்படுத்தினோம் என்றது மருத்துவமனை. அப்புறம் எப்படிக் கிருமி உயிரோடு இருந்தது?

இந்தக் கேள்விக்கான பதிலில் என்சைமுக்கு ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. 'என்சைம் கிளீனர்', 'பயோ என்சைம்' என்ற பெயர்களை இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறோம். மருத்துவமனையில் இவை கிருமியைக் கொல்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு.

என்சைம் என்றால் என்ன?

பள்ளிப் பாடத்தில் 'நொதி' என்று படித்தோமே, அதுதான். உயிருள்ள செல்கள் தயாரிக்கும் புரதம் இது. ஒரு வேதிவினையை வேகப்படுத்தும், ஆனால் தான் தீர்ந்துபோகாது. சோற்றை நன்றாக மென்றால் லேசாக இனிக்கிறதே, அது எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற என்சைம் மாவுச்சத்தை உடைப்பதால்தான்.

இன்னொரு உதாரணம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் கூடவே ஒரு துண்டு பப்பாளிக்காயைச் சேர்ப்பார்கள். 'பஞ்சு மாதிரி வெந்திடும்' என்பார்கள். பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பைன் என்ற என்சைம் இறைச்சியின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுவதால் வரும் மென்மை அது.

மருத்துவமனையில் கருவிகளைக் கழுவும் என்சைம் திரவமும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதில் இருக்கும் புரோட்டியேஸ் ரத்தம், சளி போன்றவற்றின் புரதத்தை உடைக்கும். லைப்பேஸ் கொழுப்பை உடைக்கும். அமைலேஸ் மாவுப்பொருளை உடைக்கும். பெரிய பிசுக்குகள் சின்னச் சின்னத் துண்டுகளாகித் தண்ணீரோடு போய்விடும்.

இந்த யோசனை நூறு வருடத்துக்கும் மேல் பழையது. ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த என்சைமைச் சேர்த்து 1914-லேயே துணி துவைக்கும் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று உங்கள் வீட்டுத் துணி பவுடர் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் அதிலும் என்சைம் என்று இருக்கும்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

இங்கேதான் பெரிய குழப்பம். மருத்துவமனைகளில் பயன்படும் வழக்கமான என்சைம் திரவம் கிருமிநாசினி அல்ல. அது பாக்டீரியாவைக் கொல்வதற்காகத் தயாரிக்கப்படுவதில்லை. சொல்லப்போனால், பயன்படுத்திய என்சைம் திரவத்தைக் கொட்டாமல் அப்படியே வைத்திருந்தால் அதிலேயே பாக்டீரியா வளர ஆரம்பித்துவிடும். அதனால்தான் ஒரு ஸ்கோப்புக்குக் கலக்கிய திரவத்தை அடுத்த ஸ்கோப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி.

அப்படியென்றால் எதற்காக அது? கிருமிநாசினிக்கு வழி திறந்துவிடுவதற்காக.

குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியை எடுத்துக்கொள்வோம். எண்டோஸ்கோப் கருவிகளை ஊறவைக்க உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுவது. சுத்தமான கருவியில் இது அருமையாக வேலை செய்யும். ஆனால் கருவியில் ரத்தமோ சளியோ மிச்சம் இருந்தால் கதையே மாறிவிடும். குளூட்டரால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கும் குணம் கொண்டது. மிச்சம் இருக்கும் அழுக்கு அப்படியே கருவியின்மேல் கெட்டியாகப் படிந்துவிடும். அதற்கு அடியில் மாட்டிய பாக்டீரியாவுக்கு அது ஒரு கூரை மாதிரி. ரத்தக்கறை பட்ட துணியில் வெந்நீர் ஊற்றாதே, கறை ஏறிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? ஏறக்குறைய அதே சிக்கல்தான்.

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும்.

குடலுக்குள் போய் வந்த ஓர் எண்டோஸ்கோப்பில் 1 கோடி முதல் 1,000 கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கலாம். நன்றாகக் கழுவினாலே அந்த எண்ணிக்கை 100 மடங்கிலிருந்து 10 லட்சம் மடங்கு வரை குறையும். அடுத்து வரும் கிருமிநாசினி, மிச்சத்தை 10,000 மடங்கிலிருந்து 10 லட்சம் மடங்கு வரை குறைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்கோப்பில் 1,000 கோடி பாக்டீரியா. கழுவியதில் 10,000 மடங்கு குறைந்தால் மிச்சம் 10 லட்சம். கிருமிநாசினி 10 லட்சம் மடங்கு குறைத்தால் மிச்சம் 1. இப்போது கழுவுவதில் மட்டும் அலட்சியம், 100 மடங்குதான் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 10 கோடி. அதே கிருமிநாசினி, அதே நேரம் ஊறவைத்தாலும் கடைசியில் 100 பாக்டீரியா தப்பிவிடும். ஈரம் காயாத குழாய்க்குள் அந்த நூறு ஒரே ராத்திரியில் லட்சங்களாகப் பெருகிவிடும்.

கிருமிநாசினியின் விலை உயர்ந்ததா, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம்தான். அதற்கு முந்தைய கழுவல் சரியாக நடந்ததா என்பதே முதல் கேள்வி.

ஒரு ஸ்கோப் எப்படிக் கழுவப்படுகிறது?

நோயாளியின் உடலிலிருந்து கருவியை வெளியே எடுத்த அந்த நிமிடமே வேலை ஆரம்பித்துவிட வேண்டும். சிகிச்சை அறையிலேயே வெளிப்பக்கத்தைத் துடைத்து, உள்குழாய் வழியாகத் திரவத்தை உறிஞ்சவிடுவார்கள். ரத்தமும் சளியும் காய்வதற்குள் முடிக்க வேண்டிய வேலை இது. முட்டைக் கரு ஒட்டிய தட்டை உடனே கழுவுவதற்கும், மறுநாள் காலையில் கழுவுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும்தானே?

அடுத்து, கருவி தனி அறைக்குப் போகும். முதலில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று கசிவுப் பரிசோதனை. பிறகு என்சைம் திரவத்தில் முழுக்க மூழ்கவைத்து, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் நீளமான பிரஷ்ஷை விட்டுத் தேய்க்க வேண்டும். பிரஷ் மறுமுனையில் அழுக்கில்லாமல் வெளியே வரும்வரை திரும்பத் திரும்ப. சிகிச்சை முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிவிட்டால் கூடுதல் நேரம் ஊறவைக்கச் சொல்கின்றன பல தயாரிப்பாளர்களின் வழிமுறைகள்.

திரவத்தின் சூடும் முக்கியம். என்சைம் ஒரு புரதம் என்று பார்த்தோம். கொதிக்கும் நீரில் போட்டால் முட்டை வெந்துபோவது மாதிரி அதுவும் உருக்குலைந்துவிடும். ரொம்பக் குளிர்ந்த நீரில் மந்தமாக வேலை செய்யும். தயிருக்கு உறை ஊற்றும்போது பாலின் பதம் பார்ப்போமே, கிட்டத்தட்ட அந்த வெதுவெதுப்புதான் பெரும்பாலான என்சைம் திரவங்களுக்கு ஏற்றது. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு திரவம், எத்தனை நிமிடம் என்பது ஒவ்வொரு பொருளுக்கும் மாறும். 'கண்ணளவில்' ஊற்றும் வேலை இங்கே ஆகாது.

ஊறவைத்த பிறகு நன்றாக அலச வேண்டும். என்சைமே புரதம் என்பதால், அது மிச்சமிருந்தாலும் கிருமிநாசினியோடு வினைபுரிந்து கருவியில் படிந்துவிடக்கூடும். அதற்குப் பிறகுதான் குளூட்டரால்டிஹைடோ, ஓ.பி.ஏ-வோ, பெர்அசிட்டிக் அமிலமோ. மறுபடியும் அலசல். கடைசியாக உலர்த்தல். அவசரத்தில் முதலில் பலியாவது இந்த உலர்த்தல்தான். தப்பிய ஒன்றிரண்டு பாக்டீரியாவுக்கு ஈரம்தான் சாப்பாடு.

இந்த வேலையைச் செய்பவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. புரோட்டியேஸ் அழுக்குப் புரதத்தையும் மனித உடலின் புரதத்தையும் பிரித்துப் பார்க்காது. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் எரிச்சல் வரலாம். துளிகளாகவோ தூசியாகவோ மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். பிரிட்டனில் என்சைம் கலந்த சலவைப் பொருள் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் பாதிப்பு வந்தது 1969-லேயே 'லான்செட்' மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. முகக்கவசம், கண்ணாடி, நீர்புகாத மேலங்கி, காற்றோட்டமான அறை எல்லாம் இல்லாமல் இந்த வேலையைக் கொடுப்பது அநியாயம்.

நுனியில் என்ன இருந்தது?

யு.சி.எல்.ஏ-வில் பிரச்சினையான கருவி சாதாரண எண்டோஸ்கோப் அல்ல. டியோடினோஸ்கோப் என்று பெயர். பித்தநாளத்தில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வருபவர்களுக்கும், கணைய நாளத்தில் அடைப்பு உள்ளவர்களுக்கும் ஈ.ஆர்.சி.பி என்ற சிகிச்சை செய்வார்கள். அறுவை சிகிச்சை இல்லாமல் வாய் வழியாகவே முன்சிறுகுடல் வரை போய் அடைப்பை எடுத்துவிடலாம். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேல் இந்தக் கருவியைப் பயன்படுத்தி சிகிச்சைகள் நடக்கின்றன. தமிழ்நாட்டின் பெரிய மருத்துவமனைகளிலும் இது வழக்கமான சிகிச்சைதான்.

பெரும்பாலான மற்ற ஸ்கோப்புகளில் இல்லாத ஒன்று இதன் நுனியில் உண்டு. 'எலிவேட்டர்' என்ற சின்ன நெம்புகோல். உள்ளே செலுத்தும் கம்பியைச் சரியான கோணத்தில் தூக்கிப் பித்தநாளத்துக்குள் திருப்பிவிடுவது அதன் வேலை. அந்த நெம்புகோலுக்குப் பின்னால், கீழே, பக்கவாட்டில் நுண்ணிய இடுக்குகள். பிரஷ் போகாத இடம், திரவமும் சரியாகப் போகாத இடம்.

யு.சி.எல்.ஏ விவகாரம் வெளியான அதே பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ, டியோடினோஸ்கோப்பின் சிக்கலான வடிவமைப்பே சரியாகச் சுத்தம் செய்யத் தடையாக இருக்கலாம் என்று எச்சரித்தது. 2013 ஜனவரி முதல் 2014 டிசம்பர் வரை சுமார் 135 நோயாளிகள் தொடர்பான 75 புகார் அறிக்கைகள் தங்களுக்கு வந்திருப்பதாகவும் சொன்னது.

இதற்கு முன்பே மணி அடித்திருந்தது. 2013-ல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் 39 பேரிடம் ஒரே வகை பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. அதில் 35 பேர் டியோடினோஸ்கோப் சிகிச்சை எடுத்தவர்கள். விசாரணைக்கு வந்த நோய்த்தடுப்பு நிபுணர்கள் சுத்தம் செய்யும் முறையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தும் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. விதிப்படி கழுவியும் கிருமி இருந்தது. எத்திலீன் ஆக்சைடு வாயு மூலம் முழுமையாகக் கிருமி நீக்கம் செய்ய ஆரம்பித்த பிறகுதான் பரவல் நின்றது.

என்சைம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அழுக்கைத் தொட்டால்தான் அதை உடைக்க முடியும். தொட முடியாத இடத்தில் அழுக்கு இருந்தால் என்சைமைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. கழுவும் ஊழியரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. ஆனால் இப்படி ஒரு தொற்று வெளியே வந்தால் முதலில் விரல் நீட்டப்படுவது பெரும்பாலும் அந்த ஊழியரை நோக்கித்தான்.

தயாரிப்பாளர் பக்கமும் விசாரணை போனது. தொற்றுகள் பற்றி எஃப்.டி.ஏ-வுக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய தகவல்களைச் சரியாகக் கொடுக்கவில்லை என்ற குற்றத்தை ஒலிம்பஸ் நிறுவனத்தின் மருத்துவக் கருவிப் பிரிவு 2018 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, மொத்தம் 8.5 கோடி டாலர் கட்டியது.

எதிரியின் கையிலும் என்சைம்

இல்லினாய் நோயாளிகளிடம் இருந்த பாக்டீரியாவின் ஆயுதம் என்ன தெரியுமா? அதுவும் ஒரு என்சைம்தான். பெயர் என்.டி.எம். 'நியூ டெல்லி' என்ற ஊர்ப்பெயரில்தான் அந்தச் சுருக்கெழுத்து ஆரம்பிக்கிறது.

கார்பபெனம் என்பவை மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் எடுக்கும் கடைசிக்கட்ட ஆன்டிபயாட்டிக்குகள். அந்த மருந்தின் மூலக்கூறையே வெட்டிப் போடும் என்சைம்களைச் சில பாக்டீரியாக்கள் தயாரிக்கின்றன. என்.டி.எம் அப்படிப்பட்டது. இப்படிக் கார்பபெனத்துக்கும் அடங்காத குடல் பாக்டீரியாக்களுக்கு சி.ஆர்.ஈ என்று பெயர். யு.சி.எல்.ஏ-வில் பரவியதும் சி.ஆர்.ஈ வகையே. கருவியைக் கழுவ நாம் புரதம் வெட்டும் என்சைமை நம்புகிறோம். பாக்டீரியாவோ நம் மருந்தை வெட்டும் என்சைமை வைத்திருக்கிறது.

2008-ல் சுவீடனில் வசித்த இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் என்.டி.எம்-1 முதலில் கண்டறியப்பட்டது. அவர் அதற்கு முன் டெல்லியில் சிகிச்சை எடுத்திருந்தார். 2010-ல் 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் வந்த ஆய்வு பெரிய புயலைக் கிளப்பியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா மற்றும் பாகிஸ்தானின் வேறு இடங்களில் 73 என்று என்.டி.எம்-1 உள்ள பாக்டீரியா மாதிரிகளை அந்தக் குழு பட்டியலிட்டது. நம் நாட்டின் பெயரைக் கெடுக்கிறார்கள், மருத்துவச் சுற்றுலாவைக் குறிவைக்கிறார்கள் என்று இங்கே கடும் எதிர்ப்பு எழுந்தது. பெயர் வைத்ததில் நியாயம் இருக்கிறதா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் பாக்டீரியா இருந்தது உண்மை. 2012-ல் இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பைச் சமாளிக்க 'சென்னைப் பிரகடனம்' என்ற திட்ட வரைவை உருவாக்கின.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நடுத்தர மற்றும் ஏழை நாடுகளில் 15 பேருக்கும் அங்கே தங்கியிருக்கும்போது குறைந்தது ஒரு தொற்றாவது வருகிறது. மருந்தே கேட்காத பாக்டீரியா வந்துவிட்ட காலத்தில், தொற்று வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. வராமல் தடுக்க வேண்டும். கழுவும் தொட்டியிலிருந்துதான் அது தொடங்குகிறது.

கிருமியையே கொல்லும் என்சைம் இல்லையா?

இருக்கிறது. உங்கள் கண்ணீரிலேயே இருக்கிறது.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1921-ல், தன் மூக்குச் சளி பட்ட இடத்தில் பாக்டீரியா கரைந்துபோவதைப் பார்த்தார். அதில் இருந்த என்சைமுக்கு லைசோசைம் என்று பெயர் வைத்தார். பாக்டீரியாவின் வெளிச்சுவரை உடைக்கும் என்சைம் அது. எச்சில், கண்ணீர், முட்டையின் வெள்ளைக்கரு எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் நோய் உண்டாக்கும் முரட்டுப் பாக்டீரியாக்கள் பலவற்றிடம் அதன் பாச்சா பலிக்கவில்லை.

1964-ல் லைசோஸ்டாஃபின் என்ற இன்னொரு என்சைம் அறிவிக்கப்பட்டது. இது ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் சுவரைக் குறிவைத்து வெட்டும். மருத்துவமனைகளைப் பல ஆண்டுகளாக ஆட்டிப்படைக்கும் எம்.ஆர்.எஸ்.ஏ பாக்டீரியாவும் இந்தக் குடும்பம்தான். 2010-ல் அமெரிக்காவின் ரென்சலர் பாலிடெக்னிக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் லைசோஸ்டாஃபினைக் கார்பன் நானோ குழாய்களில் இணைத்து, சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டில் கலந்து பார்த்தார்கள். பெயின்ட் பூசிய பரப்பைத் தொட்ட எம்.ஆர்.எஸ்.ஏ 20 நிமிடத்தில் செத்துப்போனது. மருத்துவமனைச் சுவரே கிருமியைக் கொல்லும் என்று அப்போது உலகெங்கும் செய்தி வந்தது.

இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. ஒன்றை மட்டும் குறிபார்த்து வெட்டுவதால் மற்றவற்றுக்குப் பாதிப்பு குறைவு. அதே காரணத்தால் சி.ஆர்.ஈ போன்ற குடல் பாக்டீரியாவை அந்தப் பெயின்ட் ஒன்றும் செய்யாது. பினாயில், பிளீச்சிங் மாதிரி எல்லாவற்றையும் ஒரே அடியில் காலி செய்யும் என்சைம் என்று ஒன்று கிடையாது.

இன்னொரு பாதை, பயோஃபிலிமை உடைப்பது. பாக்டீரியாக்கள் கூட்டமாகச் சேர்ந்து தங்களைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒரு படலத்தை உருவாக்கிக்கொள்ளும். குளத்துப் படிக்கட்டில் வழுக்குமே, அப்படி ஒரு கொழகொழப்பு. அதற்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கிருமிநாசினியும் ஆன்டிபயாட்டிக்கும் எளிதில் நெருங்க முடியாது. அந்தப் பிசினைப் பிடித்து வைத்திருப்பதில் டி.என்.ஏ-வுக்கும் பங்கு உண்டு என்று 2002-ல் தெரியவந்தது. டி.என்.ஏ-வை வெட்டும் டி.என்.ஏஸ் என்சைமைச் சேர்த்தால், ஆரம்பக்கட்டப் படலம் கலைந்துபோனது. பிசினின் சர்க்கரைப் பகுதியை வெட்டும் டிஸ்பர்சின்-பி போன்றவையும் ஆய்வில் இருக்கின்றன. படலம் முற்றி இறுகிவிட்டால் இவற்றுக்கும் கஷ்டம்தான். அதனால் மறுபடியும் அதே பாடம்: காய்வதற்குள், முற்றுவதற்குள் கழுவ வேண்டும்.

மின்மினிப் பூச்சி நடத்தும் சோதனை

கழுவியது சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தால் போதாது. இதற்கும் ஓர் என்சைம் கைகொடுக்கிறது. மின்மினிப் பூச்சி ஒளிரக் காரணமான லூசிஃபெரேஸ்.

எல்லா உயிர்ச் செல்களிலும் ஏ.டி.பி என்ற ஆற்றல் மூலக்கூறு இருக்கும். கழுவிய கருவியைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, லூசிஃபெரேஸ் உள்ள குழாயில் விட்டால், அழுக்கு மிச்சம் இருந்தால் அது ஒளிரும். எவ்வளவு ஒளி என்பதைச் சின்ன மீட்டர் ஒன்று சில நொடிகளில் எண்ணாகக் காட்டிவிடும். எண் அதிகமா, திரும்பக் கழுவு.

இது கிருமிப் பரிசோதனை அல்ல என்பதை மறக்கக் கூடாது. ரத்தத்தின் மிச்சமா, பாக்டீரியாவா என்று இதற்குப் பிரிக்கத் தெரியாது. கழுவல் எப்படி நடந்தது என்பதற்கு மார்க் போடும், அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா என்று தெரிய ஆய்வகத்தில் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு நாட்கள் ஆகும்.

வீட்டில் செய்யும் பயோ என்சைம்?

ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் மூடிவைத்தால் பயோ என்சைம் தயார். யூடியூபில் இதற்கு ஏகப்பட்ட வீடியோக்கள். சமையலறைக் கழிவு குப்பைக்குப் போகாமல் இருப்பதும், தரை துடைக்க உதவுவதும் நல்ல விஷயம்தான். ஆனால் பெயரில் இருக்கும் அளவுக்கு இதில் என்சைம் பலம் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். புளித்துப்போன இந்தத் திரவத்தின் வேலையில் பெரும்பகுதி, வினிகரில் இருப்பது போன்ற அமிலத்தால் நடப்பது. ஒவ்வொரு வீட்டு பாட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் புண், சிறுநீர் வடிகுழாய், நெபுலைசர் போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது. இன்னொன்று, இதைப் பிளீச்சிங் பவுடரோடோ பிளீச் திரவத்தோடோ கலக்காதீர்கள். அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

இப்போது என்ன நிலை?

2015-க்குப் பிறகு எஃப்.டி.ஏ மூன்று டியோடினோஸ்கோப் தயாரிப்பு நிறுவனங்களையும் உண்மையான மருத்துவமனைகளில் ஆய்வு நடத்த உத்தரவிட்டது. சுத்தம் செய்து, அடுத்த நோயாளிக்குத் தயார் என்று வைத்திருந்த கருவிகளில் 5.4% வரை ஆபத்தான பாக்டீரியா இருப்பதாக 2019-ல் முடிவு வந்தது. நினைத்ததைவிட அதிகம்.

அதே 2019 ஆகஸ்டில், நுனிப்பகுதியைக் கழற்றி எறியக்கூடிய ஸ்கோப்புகளுக்கு மாறும்படி மருத்துவமனைகளுக்கு எஃப்.டி.ஏ பரிந்துரைத்தது. முழுக் கருவியையுமே ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைக்கு டிசம்பரில் அனுமதி கொடுத்தது. நுனியைக் கழற்ற முடிந்தால் அந்த இடுக்குகளுக்குள் என்சைமும் பிரஷ்ஷும் போக முடியும். செலவும் குப்பையும் கூடும் என்பது உண்மை. பழைய மாடல்கள் ஒரே நாளில் மறைந்துவிடவும் இல்லை.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ ஈ.ஆர்.சி.பி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னால் பயந்து தள்ளிப்போட வேண்டாம். அடைபட்ட பித்தநாளத்தை அப்படியே விடுவதுதான் பல நேரம் பெரிய ஆபத்து. எஃப்.டி.ஏ-வும் 2015-லேயே இந்தச் சிகிச்சையை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்கலாம். ஸ்கோப்பின் நுனி கழற்றக்கூடியதா? ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கையால் பிரஷ் போட்டுக் கழுவிய பிறகுதான் மெஷினில் போடுகிறீர்களா? கருவியிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது உண்டா? முறையாக நடத்தும் இடத்தில் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதிவேடே வைத்திருப்பார்கள்.

சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல், குளிர் நடுக்கம், கடுமையான வயிற்றுவலி, நெஞ்சுவலி, குறைந்த மஞ்சள் காமாலை மறுபடி கூடுவது, கறுப்பாக மலம் போவது இவற்றில் எது வந்தாலும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். சிகிச்சை எடுத்த மருத்துவமனைக்கே உடனே போய், எந்தத் தேதியில் ஈ.ஆர்.சி.பி செய்தார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள்.